பதினாறின் இடம்

சுனாமியாகக் கடல் வந்து போன பிறகு எங்கள் பாடசாலைக்குப் புதுக் கட்டடம் வந்தது, கம்ப்யூட்டர்கள் வந்தன, கரண்ட் மட்டும் வரவில்லை. பொலித்தீன் போர்த்திய பெட்டிகளைக் காட்டி எத்தனை நாள் பாடம் நடத்துவது? 0, 1 மட்டுமே வரும் துவித எண்களைப் பிள்ளைகளை வைத்தே கற்பித்தேன்.

ஐந்து பேரை வரிசையாகக் கதிரைகளில் இருத்தினேன். பதினாறு, எட்டு, நாலு, இரண்டு, ஒன்று என்று ஆளுக்கொரு பெறுமதி. எழும்பி நிற்பவர் 1, உட்கார்ந்திருப்பவர் 0. நிற்பவர்களின் பெறுமதிகளைக் கூட்டினால் தசம எண்.

"இருபத்தொன்று" என்றேன். நாலும் ஒன்றும் எழும்பின. பதினாறின் இடத்திலிருந்த வளர்த்தியான பிள்ளை அசையவில்லை.

"எழும்பு புள்ள! இருபத்தொண்ட அஞ்சாக்கிப் போட்டாய்."

"நான் பூச்சியமாவே இரிக்கன் டீச்சர்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பக்கத்திலிருந்தவள்தான் மெல்லச் சொன்னாள்: "அவட அக்காவ இந்த ரோட்டிலதான் வேனில ஏத்தினவங்க. வளர்ந்த புள்ளைகளத்தான் பாக்காங்க டீச்சர்."

ஆயுதக்காரர்கள் சண்டைக்கு ஆள் பிடித்துத் திரிந்த காலம். வகுப்பறைக்கோ அரைச்சுவர். அவள் நின்றால் தலையும் தோளும் ரோட்டுக்குத் தெரியும்.

அவளை வரிசையிலிருந்து எடுத்துவிட்டிருக்கலாம். பயந்த பிள்ளையை மூலையிலும் தள்ளுவதா? எனக்கு மனம் வரவில்லை. விதியைத்தான் மாற்றினேன். உட்கார்ந்தால் 1, நின்றால் 0. பதினாறுக்குக் கீழே எந்த எண்ணையும் கூப்பிடுவதில்லை. அதற்கு மேல் எதைக் கூப்பிட்டாலும் அவள் உட்கார்ந்தே இருப்பாள். சின்ன உருவங்கள் எழும்பி எழும்பி உட்கார்ந்தன. அரைச்சுவர் மறைத்ததால் அவை ரோட்டில் யார் கண்ணிலும் படவில்லை.

இதனால் புளியந்தீவில் நடந்த கருத்தரங்கில் மானம் போனது. முப்பத்தொன்று என்றதும் மற்றப் பாடசாலைப் பிள்ளைகள் எல்லோரும் எழும்ப, எங்களுடைய பதினாறு இருந்தபடியே இருக்க, மற்ற நாலும் தடாலென்று உட்கார்ந்தன. "உங்கட புள்ளைகளுக்குக் கால் வலியோ?" என்று வேறு பாடசாலை ஆசிரியர் ஒருவர் கேட்டார். சிரிப்பென்றால் சிரிப்பு! எனக்கு எரிச்சல்தான் வந்தது.

பிறகு போர் முடிந்தது. வேனும் அதில் வந்தவர்களும் இருந்த இடம் தெரியாமல் போனார்கள். கொண்டு போகப்பட்ட சிலர் வீடு வந்தார்கள். அக்கா வரவில்லை.

பரீட்சைக்கு முந்திய மீட்டல் வகுப்பில் பழைய விதிக்குத் திரும்பினேன். "இனி எல்லா ஊரையும் போல நாமளும் எழும்பினாத்தான் 1" என்றேன். இனிப் பதினாறுக்குக் கீழேயும் போகலாம் என்று, ஒன்பதைக் கூப்பிட்டேன். எட்டும் ஒன்றும் எழும்பின.

பதினாறும் எழும்பியது.

"இது ஒன்பது புள்ள. நீ கதிரையில இருக்கோணும்."

"தெரியும் டீச்சர்" என்றாள், ரோட்டைப் பார்த்தபடி. "கொஞ்சம் நிண்டு பாக்கன்."

வகுப்பு கூட்டிப் பார்த்து இருபத்தைந்து என்று வாசித்தது. கரும்பலகையில் எழுதியிருந்த ஒன்பதை அழித்துவிட்டு இருபத்தைந்து என்று எழுதினேன்.