முப்பது வருஷ விஸ்கிக்கு அப்பா போட்ட மார்க்

எங்கள் அப்பா எந்த விஸ்கிக்கும் ஏழுக்கு மேல் மார்க் போட்டதில்லை. ரயில்வேயில் அவரோடு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள், வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் கொண்டுவந்த போத்தல்களைத் தூக்கிக்கொண்டு சனிக்கிழமை மாலைகளில் எங்கள் பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்கு வருவார்கள். அப்பா கிளாஸை உள்ளங்கையில் வைத்துச் சூடாக்குவார். மூக்கை உள்ளே விட்டு மெதுவாக இழுப்பார். ஒரு மிடறு. பிறகு ஒரு தேக்கரண்டித் தண்ணீர் விட்டு இன்னொரு மிடறு. அப்புறம்தான் பத்துக்கு இத்தனை என்று சொல்வார். அதுவரைக்கும் வந்த பெரிய மனிதர்கள் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பார்கள். குடிக்கிறதுக்கு இவ்வளவு பந்தாவா என்று எனக்கு எரிச்சலாக வரும். ஆனால் அம்மா போன பிறகு அவருக்கு மிச்சமிருந்த மரியாதை அது ஒன்றுதான் என்பதும் எனக்குத் தெரியும்.

அப்பா மார்க் போட்டுவிட்டு, "நீ என்ன சொல்லுறாய்?" என்று ஒரே ஓர் ஆளிடம்தான் கேட்பார். அவர் பக்கத்து ஊரான கிள்ளானில் இருந்த அப்பாவின் சிநேகிதர். இரண்டு பேரும் யாழ்ப்பாணத்துப் பேச்சை விடாதவர்கள். நான் ஊர்ப் பையன்களோடு திரிந்து 'போறேன், வரேன்' என்று பேசுவதை இருவரும் சேர்ந்து கிண்டல் செய்வார்கள். அந்தச் சிநேகிதருக்கு ஸ்காட்லாந்தில் தாதியாக இருந்த மகள் ஒரு சிங்கிள் மால்ட் அனுப்பியிருந்தாள். முப்பது வருஷம் மரப் பீப்பாயில் கிடந்த சரக்கு. அவர் அதைக் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, "மச்சான், நீ வந்து மார்க் போடாமல் நான் மூடியைத் திறக்க மாட்டன்" என்று சொல்லிவிட்டார்.

அந்த வருஷம்தான் அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்தார். பின்மண்டையில் அடி. காயம் ஆறிவிட்டது. ஒரு நாள் காலையில் நான் சமையலறைக்குள் போனால் குப்பென்று கேஸ் நாற்றம். அடுப்பு அணைந்து கேஸ் மட்டும் போய்க்கொண்டிருக்க, அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் ஓடிப்போய் மூடிவிட்டு, "தெரியலையாப்பா உங்களுக்கு?" என்று கத்தினேன். அவர் பேப்பரை மடித்தார்.

"விழுந்த நாளிலையிருந்து மணமும் இல்லை, ருசியும் இல்லை. ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை."

நான் சொல்லவில்லை. சனிக்கிழமைக்காரர்களிடம் அப்பாவுக்கு வயிறு சரியில்லை என்று சமாளித்துவிட்டேன். கிள்ளானுக்குப் போகாமல் இருக்கத்தான் முடியவில்லை. சிநேகிதர் ஏதோ உடம்புக்கு முடியாமல் மருந்து எடுத்துக்கொண்டிருந்தார். பார்க்கப் போகும்போதெல்லாம் அப்பா வழி நெடுக என்ன சாக்குச் சொல்லலாம் என்று என்னைக் கேட்டுக்கொண்டே வருவார். அங்கே போனால் அந்த மனிதர் அலமாரியைக் காட்டி, "இண்டைக்கு வேண்டாம், ஒரு நல்ல நாளாய்ப் பாப்பம்" என்பார். அப்பாவும் உடனே "ஓம் ஓம், என்ன அவசரம்" என்பார். காரில் ஏறி உட்கார்ந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "தப்பிச்சன்" என்பார். எனக்கும் அப்பாடா என்றிருக்கும்.

அந்த நல்ல நாள் வருவதற்குள் சிநேகிதர் போய்விட்டார்.

எட்டாம் நாள் படையலுக்கு நானும் அப்பாவும் கிள்ளானுக்குப் போனோம். செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் படைப்பது எங்கள் ஆட்களின் வழக்கம். மீன் குழம்பு, ஆட்டிறைச்சி, நண்டு எல்லாம் வாழையிலையில் இருந்தன. எல்லோரும் மாஸ்டர் என்று கூப்பிடும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் அந்த மால்ட் போத்தலை எடுத்து வந்து, மூடியைத் திருகி, ஒரு கிளாஸில் ஊற்றிப் படத்துக்கு முன்னால் வைத்தார். பிறகு செத்தவர் வந்து சாப்பிட்டுப் போகட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வாசலுக்குப் போய் நின்றோம்.

திரும்ப உள்ளே போனதும் மாஸ்டர் அப்பாவைக் கூப்பிட்டார். "அவன்ரை கிளாஸை நீர்தான் எடுக்க வேணும். நீர் மார்க் போட்ட பிறகுதான் நாங்கள் தொடுவம். அதுதானே அவன்ரை ஆசை."

அப்பா என்னைப் பார்த்தார். நான் என்ன செய்ய முடியும்? கூடம் நிறைய ஆட்கள். அவர் கிளாஸை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். மூக்கை விட்டு இழுத்தார். செத்துப்போன மூக்கை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் இழுத்தார் தெரியுமா? ஒரு மிடறு குடித்தார். தண்ணீர் விட்டார். இன்னொரு மிடறு.

"ஒரு பொட்டு எரிவு இல்லை" என்றார். "தொண்டையிலை தெரியாமலே இறங்குது. அதுதான் முப்பது வருஷம். புகை இருக்கு, தேன் இருக்கு, கடைசியிலை மரத்தின்ரை கசப்பு ஒண்டு நிக்குது. ஒன்பது."

அப்பா ஒன்பது போட்டு யாரும் கேட்டதில்லை. மாஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது. நானும் பாழாய்ப்போன மனுஷன் ஒருவழியாகச் சமாளித்துவிட்டாரே என்று மூச்சு விட்டேன்.

அப்போது சமையலறைக் கதவடியிலிருந்து செத்தவரின் மனைவி, "அண்ணை, அது தேத்தண்ணி" என்றார்.

தேநீரா? யாருக்கும் விளங்கவில்லை. அவரே மெதுவாகச் சொன்னார். "இவருக்குக் குடி ஆகவே ஆகாதெண்டு டாக்டர் சொன்னவர். போற இடத்திலையாவது நல்லா இருக்கட்டுமெண்டு, நீங்களெல்லாம் வாசலிலை நிக்கேக்குள்ளை நான் பின்பக்கத்தாலை உள்ளுக்கு வந்து அதைப் போத்தலுக்குள்ளை திரும்ப ஊத்திப்போட்டு, ஆறின தேத்தண்ணி வைச்சனான். சீனியும் போடேல்லை."

பின்னால் யாரோ கெக்கே என்று சிரித்தார். ஒருவரைப் பார்த்து ஒருவர், துக்க வீடு என்றும் பார்க்காமல், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மாஸ்டர் சிரிக்கவில்லை. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்பாவை ஏமாற்றுக்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மானம் போயிற்று. என் முகமெல்லாம் சுட்டது. அப்பா மேல் கோபம் கோபமாக வந்தது. புகையாம், தேனாம். ஐந்தோ ஆறோ சொல்லிவிட்டு வாயை மூடியிருக்கக் கூடாதா?

மாஸ்டர் போத்தலிலிருந்து உண்மையான சரக்கை ஊற்றி நீட்டினார். "இதுக்குப் போடும், பாப்பம்."

அப்பா அதை வாங்கிக் குடித்தார். தொண்டை எரிந்திருக்க வேண்டும், இருமினார். பிறகு கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டே, "எனக்கு ருசி செத்துப் போச்சு" என்றார். "விழுந்ததிலையிருந்து ஒண்டும் தெரியிறதில்லை. இது என்னெண்டும் எனக்குத் தெரியாது."

சிரிப்பு நின்றுவிட்டது. அந்த அம்மா கதவடியை விட்டு அப்பாவின் பக்கத்தில் வந்து நின்றார்.

"இவருக்கும் அப்பிடித்தான் அண்ணை. மருந்து தொடங்கினதோடை வாயிலை ருசி இல்லை. மீன் குழம்பும் பச்சைத் தண்ணியும் ஒண்டுதான். நீங்கள் வாறியளெண்டால் காலமையே பயப்பிடத் தொடங்கிவிடுவார். நீங்கள் மார்க் போட்டிட்டு 'நீ என்ன சொல்லுறாய்' எண்டு கேப்பியளாம். என்னத்தைச் சொல்லுறது எண்டு என்னைப் போட்டு அரிப்பார். அதுக்குத்தான் திறக்காமலே வைச்சிருந்தவர்."

அப்பா கையிலிருந்த கிளாஸைப் படத்துக்கு முன்னால் வைத்தார். "என்னட்டை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றார்.

"நீங்கள் சொன்னனீங்களோ?" என்று அந்த அம்மா கேட்டார். குற்றமாகக் கேட்கவில்லை.

படைத்த சோற்றில் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினோம். அப்பாவுக்கு அது சோறாகத் தெரிந்ததோ என்னவோ. கூட்டரசு நெடுஞ்சாலையில் பாதித் தூரம் வந்துவிட்டோம். என் முகத்திலிருந்த சூடு இன்னும் இறங்கியிருக்கவில்லை.

"ஒவ்வொரு தரமும் தப்பிச்சன், தப்பிச்சன் எண்டு சந்தோஷப்பட்டுக்கொண்டுதான் காரிலை ஏறினனான்" என்றார் அப்பா. கொஞ்சம் பொறுத்து, ரோட்டைப் பார்த்தபடியே கேட்டார்: "அவனும் நான் போன பிறகு கேட்டைப் பூட்டிப்போட்டு அதையேதான் சொல்லியிருப்பான், என்ன?"