மட்கார்டில் வந்த மாமா

என் தாய்மாமன் ஏழெட்டு மாதம் ஒரு காரின் மட்கார்டில் உட்கார்ந்தே ஊர் சுற்றியவர். இதைச் சொன்னால் என் பேரப்பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, மீதிக் கதையைச் சொல்லாமல் ஏதாவது வேலை இருப்பதுபோல் எழுந்து போய்விடுவேன். இன்றைக்கு அந்த மீதியையும் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

மலாய் நாட்டில், லாயாங் லாயாங் என்ற ஊரிலிருந்து நாலு மைல் உள்ளே தள்ளி இருந்தது எங்கள் ரப்பர்த் தோட்டம். அப்பா அங்கே துரையின் கார் டிரைவர். ஓட்டுவதும் அவர்தான், பழுது பார்ப்பதும் அவர்தான். ஜப்பான்காரன் வருகிறான் என்றதும் துரை பட்டாளத்து லாரியில் ஏறிச் சிங்கப்பூருக்கு ஓடிவிட்டார். சில வாரங்களில் அவருடைய பங்களாவுக்கு ஒரு ஜப்பானிய அதிகாரி குடிவந்தான். பங்களாவோடு காரும் அவனுடையதாயிற்று. காரோடு அப்பாவும்.

பெட்ரோல் கண்ணில் படாத காலம். ரப்பர் ஷீட்டைக் காய்ச்சி வடித்த எண்ணெயைத்தான் காருக்கு ஊற்றினார்கள். அது எரிந்தால் நாம் மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டும். காருக்கும் அது ஒத்துக்கொள்ளவில்லை. பிசினாகக் கார்புரேட்டருக்குள் படிந்து துவாரங்களை அடைத்தது. வண்டி கிளம்பும், பங்களா வாசலைத் தாண்டும், நாலு தரம் இருமிவிட்டு நின்றுபோகும். அப்பா முதலில் ப்ளக்கைப் பார்ப்பார். அப்புறம் எண்ணெய்க் குழாயைக் கழற்றி வாயால் ஊதுவார். கடைசியில் கார்புரேட்டரையே கழற்றி ஒரு பீங்கான் தட்டில் போட்டுப் பிரிப்பார். நைந்துபோன கேஸ்கட்டுக்குப் பதில் பழைய செருப்புத் தோலை வெட்டி வைத்தார். அடைத்துக்கொண்ட ஜெட் என்கிற சின்னத் துவாரத்தைச் சைக்கிள் பிரேக் கம்பியின் ஒற்றை இழையால் குத்தி எடுத்தார்.

எனக்கு ஒன்பது வயது. அவர் வேலை செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்குப் பிடித்தது புளோட் என்கிற பித்தளை டப்பி. உள்ளே காற்று மட்டும்தான். கார்புரேட்டரின் கிண்ணத்தில் எண்ணெய் ஏற ஏற அது மிதந்து மேலே வந்து ஓர் ஊசியைத் தள்ளும். ஊசி எண்ணெய் வரும் வழியை மூடிவிடும். ஒருமுறை அது ஓட்டையாகி அப்பா ஈயம் வைத்துப் பற்றவைத்தார். பற்று நிற்கிறதா என்று தண்ணீரில் போட்டுப் பார்த்தது நான்தான். கோணலான அந்த ஈயப் பற்றைக் கண்ணை மூடிக்கொண்டு தடவியே கண்டுபிடிப்பேன்.

கார் ஒருவழியாகச் சீராக ஓட ஆரம்பித்த சமயத்தில்தான் சயாமுக்கு ஆள் எடுக்கத் தொடங்கினார்கள். அங்கே ரயில் பாதை போடுகிறார்கள், மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்றார்கள். முதல் முறை போன யாரும் திரும்பவில்லை. அடுத்த பட்டியலில் கல்யாணமாகாத ஆண்களின் பெயர்களை எழுதினார்கள். அம்மாவின் தம்பி எங்களோடுதான் இருந்தார். அவருக்கு இருபத்திரண்டு வயது.

அதே வாரத்தில் காரின் புளோட்டும் ஊசியும் உடைந்துபோய்விட்டன என்றார் அப்பா. சிங்கப்பூரிலிருந்து வந்தால்தான் உண்டு என்று அதிகாரியிடம் மலாயில் சொன்னார். அதுவரைக்கும் வண்டியை ஓட்ட ஒரு வழி இருக்கிறது, ஆனால் இன்னோர் ஆள் வேண்டும். பானட்டின் ஒரு பக்கத்தைத் திறந்து கட்டிவிட்டு, மட்கார்டின்மேல் மாமா உட்கார்வார். மடியில் எண்ணெய் டின். அதிலிருந்து கார்புரேட்டருக்கு ஒரு ரப்பர் குழாய். கிண்ணம் நிறைந்தால் குழாயை விரலால் நசுக்க வேண்டும், குறைந்தால் விட வேண்டும். அதிகாரி நம்பவில்லை. மாமா இல்லாமல் ஓட்டிக் காட்டச் சொன்னான். பத்து கஜத்தில் எண்ணெய் பொங்கி வண்டி நின்றது. மாமாவை ஏற்றிக்கொள்ளச் சொல்லிவிட்டான்.

இப்படியாக என் மாமா ஒரு புளோட் ஆனார். ஒரு கையால் விளக்குக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் குழாயை நசுக்கியபடி, முகமெல்லாம் கரியாக அவர் வருவதைப் பார்க்க, தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த லயமே வாசலுக்கு வரும். பள்ளத்தில் வண்டி இறங்கும்போதெல்லாம் எண்ணெய் நெஞ்சில் தெறித்து அவருக்கு அங்கே புண்ணாகியிருந்தது. அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எங்களைக் கண்டால் கண்ணடித்துச் சிரிப்பார்.

எனக்குத்தான் தாங்கவில்லை. தோட்டத்துப் பள்ளியில் பிள்ளைகள் புது விளையாட்டு ஒன்று கண்டுபிடித்திருந்தார்கள். ஒருவன் முதுகில் ஒருவன் ஏறி, கீழே இருப்பவனின் மூக்கைப் பிடித்து, “போதும், போதும், எண்ணெய் போதும்!” என்று கத்த வேண்டும். தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணியின் மகன் நேராக என்னிடமே வந்து, “ஒங்க மாமா மனுசனா, கொரங்கா?” என்று கேட்டான். அன்றிலிருந்து கார் வரும் சத்தம் கேட்டால் நான் வீட்டுக்குள் ஓடிப் போய்விடுவேன். ஒருமுறை மாமா என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். கேட்காததுபோல் இருந்துவிட்டேன்.

பிறகு ஒரு நாள் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் வண்டி நின்றுபோய், அதிகாரி மாமாவை எல்லார் எதிரிலும் அறைந்தான் என்ற செய்தி வந்தது.

மறுநாள் அம்மா மரவள்ளிக் கொல்லைக்குப் போயிருந்தபோது, மாவு டின்னுக்குள் வெல்லம் இருக்கிறதா என்று கையை விட்டுத் துழாவினேன். எண்ணெய்த் துணியில் சுற்றிய ஒரு பொட்டலம் தட்டுப்பட்டது. பிரித்தேன். புளோட்டும் ஊசியும்! கோணல் பற்று அப்படியே இருந்தது.

மாமா இனிமேல் அடி வாங்கக் கூடாது என்பதற்காகத்தான் அதை எடுத்துக்கொண்டு ஓடினேன் என்று எனக்கு நானே வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். அவரை அந்த மட்கார்டிலிருந்து இறக்க வேண்டும், கிராணி மகன் வாயை மூட வேண்டும். அவ்வளவுதான் என் மனதில் இருந்தது.

பங்களா முன்னால் அப்பா குனிந்து இன்ஜினைத் துடைத்துக்கொண்டிருந்தார். மாமா டின்னில் எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார். அதிகாரி பூட்சைப் போட்டபடி படியில் உட்கார்ந்திருந்தான்.

“அப்பா! புளோட்டு கெடைச்சிருச்சு! மாவு டின்னுக்குள்ளதான் இருந்திச்சு!”

அப்பா என்னைப் பார்க்கவில்லை, அதிகாரியைப் பார்த்தார். அவனுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் பித்தளை தெரிந்தது. எழுந்து வந்தான். அது பழையது, ஓட்டை, உதவாது என்று அப்பா அவசரமாக மலாயில் சொன்னார். அந்த அளவு மலாய் எனக்கும் புரியும்.

“இல்லப்பா, நல்லாத்தான் இருக்கு. பாருங்க!” என்று பக்கத்தில் இருந்த வாளித் தண்ணீரில் அதைப் போட்டேன். அழகாக மிதந்தது.

அதிகாரி வாளியைப் பார்த்தான். பிறகு அப்பாவை இரண்டு அறை அறைந்தான். எடுத்து வைத்ததை மறந்துவிட்டேன் என்று அப்பா இடுப்பு மடியக் குனிந்து குனிந்து சொன்னார். டிரைவர் வேறு யாரும் இல்லாததால்தான் அத்தோடு விட்டான் என்று இப்போது நினைக்கிறேன். எதிரிலேயே நின்று அதைப் பொருத்த வைத்தான். மாமாவின் குழாய் இல்லாமல் இன்ஜின் சீராக ஓடியது. “பாகுஸ், பாகுஸ்”, நல்லது என்று மலாயில் சொல்லி என் தலையைத் தட்டி, உள்ளே போய் ஒரு கை வெள்ளைச் சீனி கொண்டுவந்து கொடுத்தான். சீனியைப் பார்த்தே ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அப்பாவின் கன்னத்தில் விரல் தடம் சிவந்துகொண்டிருக்க, நான் உள்ளங்கையை நக்கிக்கொண்டு நின்றேன். மறதிக்கு இப்படியா அடிப்பார்கள் என்று மட்டும் தோன்றியது.

நாலாம் நாள் சயாமுக்குப் போகிறவர்களை ஏற்றிக்கொள்ள லாரி வந்தது. மாமாவும் போனார். போனவர்தான்.

சண்டை முடிந்த பிறகு நாங்கள் சிகாமட்டுக்குக் குடிபோனோம். அப்பா அங்கே பஸ் ஓட்டினார். எனக்குப் பதினைந்து வயதிருக்கும்போது இன்னொரு டிரைவர் வீட்டுக்கு வந்திருந்தார். ஜப்பான்காரனை எப்படி ஏமாற்றினேன் என்று அப்பா அவரிடம் சிரிக்கச் சிரிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். மச்சானைப் பட்டியலிலிருந்து எடுக்க ஒரு நல்ல புளோட்டை ஒளித்து வைத்தாராம். “அப்புறம் எப்படித்தான் மாட்டுனீங்க?” என்று வந்தவர் கேட்டார். நான் காப்பியோடு வாசல்படியில் நின்றதை அப்பா அப்போதுதான் பார்த்தார். “அது எங்கயோ கெடைச்சிருச்சு, விடுங்க” என்று பேச்சை மாற்றிவிட்டார்.

அவர் அதற்குப் பிறகும் என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

ஆனால் என்னால் இன்னும் செரித்துக்கொள்ள முடியாதது லாரி வந்த அந்த நாள்தான். அம்மா அவித்த மரவள்ளியை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். மாமா என்னைத் தனியாகக் கூப்பிட்டு எதிரில் குந்தி உட்கார்ந்தார்.

“பாப்பா, அம்மா கேட்டா, மாமாதான் அத எடுத்தாரச் சொன்னாருன்னு சொல்லு. நீயா எடுக்கல. சரியா? மறந்துடாத.”

சரி என்று தலையாட்டினேன். உள்ளுக்குள் எனக்குக் கோபம். கண்டுபிடித்தது நான். சீனி வாங்கியது நான். அந்தப் பெருமையில் இவர் எதற்குப் பங்குக்கு வருகிறார் என்று நினைத்தேன்.

லாரி போன பிறகு மத்தியானம் அம்மா என்னைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்தாள். அழுது அழுது அவள் முகம் வீங்கியிருந்தது.

“அத யாரு எடுத்துட்டு வரச் சொன்னது, பாப்பா? மாமாவா சொன்னாரு?”

“இல்லம்மா. யாரும் சொல்லல. நானேதான் கண்டுபிடிச்சேன்.”

அம்மா என்னையே பார்த்தாள். அப்புறம் கத்தியை எடுத்து மரவள்ளித் தோலைச் சீவத் தொடங்கினாள். கெட்டிக்காரி என்று சொல்லுவாள் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன். சரியாகக் காதில் விழவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, இன்னொரு தரம், இன்னும் சத்தமாகச் சொன்னேன்.