மாப்பிள்ளை இல்லாத மலை

ஜிரி மலைச் சரிவில் மல்சுக்குக்கு மிஞ்சியது ஒரே ஒரு தேன்பெட்டி. புழுநோய் வந்து அந்தப் பள்ளத்தாக்கின் நாட்டுத் தேனீக்களை வாரிக்கொண்டு போயிருந்தது. பக்கத்துவீட்டு சாங்போக் தன் பெட்டிகளை அடுக்கி எரித்துவிட்டு அந்த இடத்தில் மிளகாய் பயிரிட்டான். மல்சுக் மட்டும் விடவில்லை. கணவனும் போய்விட்ட அறுபது வயதில் அவளுக்குப் பிடிவாதம்தான் துணை.

வசந்தத்தில் கூட்டம் மெலிந்திருந்தது. பெட்டியைச் சாய்த்துப் பார்த்தாள். அடையின் அடியோரத்தில் ஆண் ஈக்கள் வளரும் பெரிய அறைகள் தெரிந்தன. உட்கார்ந்து தின்கிறவர்களுக்கு இருக்கிற கொஞ்சத் தேனையும் கொடுப்பானேன் என்று கத்தியால் அறுத்து எறிந்தாள். அவள் மாமியார் காலத்திலிருந்து எல்லோரும் செய்வதுதான். சுற்றிலும் நூறு பெட்டி இருந்தபோது அதனால் ஒன்றும் குடிமுழுகிவிடவில்லை. ஆண்களுக்கா பஞ்சம்?

அடுத்த வாரமே கிழட்டு ராணி செத்தது. வேலைக்கார ஈக்கள் புது ராணியை வளர்த்தெடுத்தன. இனி அது வெளியே பறந்து, முகட்டுப் பைன் மரத்துக்கு மேலே கூடும் ஆண் ஈக்களுக்குள் புகுந்து திரும்ப வேண்டும். நின்று நிதானித்துத் தேர்ந்தெடுக்கும் வழக்கமெல்லாம் கிடையாது. ராணி பறக்கும்; துரத்தி எட்டிப் பிடிப்பவன் மாப்பிள்ளை. ஆனால் துரத்துவதற்கு ஆள் வேண்டுமே! அப்போதுதான் மல்சுக்குக்குச் சுருக்கென்றது. முகட்டுக்கு ஏறிப் போனாள். வெயில் நாளில் காதை அடைக்கும் இரைச்சல் அங்கே சுத்தமாக இல்லை.

மலைக்கு அந்தப் பக்கத்துக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டாள். "உங்ககிட்ட நாட்டு ஆண் ஈ இருக்கா?"

"எல்லாத்தையும் கொளுத்திட்டோம்க்கா" என்றார்கள்.

வேலிக்கு அப்பால் சாங்போக் சிரித்தான். "என்ன மதினி, இந்த வயசுல ஊரூரா போன் போட்டு ஆம்பள தேடுறீங்க? நான் இங்கதான இருக்கேன்!"

"உன்னக் கட்டுறதுக்கு என் ராணி கன்னியாவே செத்துப்போகலாம். போடா!"

சொன்னபிறகு அவளுக்கே அந்த வார்த்தை பிடிக்கவில்லை.

ராணி வெயில் விழுந்த மதியங்களில் எல்லாம் கிளம்பியது. மல்சுக் பெட்டி முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பாள். ஆணோடு கூடி வந்த ராணியின் வாலில் வெள்ளையாக ஒரு நூல் தொங்கும். இது வெறும் வாலோடுதான் திரும்பியது. பிறகு ஒருநாளிலிருந்து வெளியே வருவதையே நிறுத்திக்கொண்டது. வேலைக்கார ஈக்கள் மட்டும், உள்ளே புழுக்களுக்கு ஊட்டுவதற்குப்போல, காலில் மகரந்தத்தைச் சுமந்துகொண்டு வந்தன.

"மதினி, வயித்துல தங்கிடுச்சு போலிருக்கே!" சாங்போக் அரிசிக் கள்ளுப் பாட்டிலோடு வந்தான். அவளும் நம்பினாள். நம்பாமல் என்ன செய்வாள்?

கோடை தொடங்கியதும் பெட்டி வாசலில் சின்னச் சின்ன மூடிகள் உதிர்ந்து கிடந்தன. ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். நடுவில் ஊசி முனையளவு ஓட்டை. ஆண் ஈயின் அறைக்குத்தான் அந்த மூடி. கிடந்தது அத்தனையும் அதேதான். கூடாத ராணியின் முட்டையில் ஆண்தான் பிறக்கும். வேலை செய்ய இனி ஒரு பெண்ணும் பிறக்கப்போவதில்லை.

கொஞ்ச நாளில் தடித்த, கறுத்த ஆண் ஈக்கள் திமுதிமுவென்று வெளியே வந்தன. சாங்போக் வாயைப் பிளந்தான்.

"இத்தன ஆம்பளைங்களா! அப்புறம் என்ன மதினி? ராணிய இப்ப ஒருதரம் வெளிய அனுப்புங்க."

"முட்டை போட ஆரம்பிச்சவ மறுபடி பறக்கமாட்டா."

"அப்ப இதுங்க?"

"போகும். மரத்துமேல சுத்திட்டு சாயங்காலம் திரும்பி வரும். நாளைக்கும் போகும்."

"வேற ராணி யாரும் வரமாட்டாங்களா?"

"யாரு இருக்கா வர்றதுக்கு?" என்றாள். "வசந்தத்துல இதுல பத்து இருந்திருந்தாப் போதும்டா. என் கையாலயே அறுத்துப் போட்டேன்."

மல்சுக் தலைத்துணியில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பெட்டியை அப்படியே விட்டுவிட்டு, சாங்போக்கின் மிளகாய்க் காட்டில் களை பறிக்க இறங்கினாள். மதியத்தில் ஆண் ஈக்கள் கூட்டமாக முகட்டைப் பார்த்துப் போகும் சத்தம் அங்கேயும் கேட்டது. அவள் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.