செத்த வீட்டில் பேய்ப்படம்

கலாஜினிக்கு நகரத்தில் ஒரு மருந்துக்கடையில் வேலை. வவுணதீவிலிருந்து காலையில் பாலம் கடந்து போனால் பொழுதுபடத்தான் திரும்பி வருவாள். கணவன் கிரிசாந்த் கட்டாரில் இருந்தான். வீட்டில் அவளும் மாமனார் சீனித்தம்பியும் மாமியார் பாலசுந்தரியும்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் லீவு. சமையல் முடிந்ததும் அறைக்குள் போய்ப் படுத்து, காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு போனில் பேய்ப்படம் பார்ப்பாள்.

இன்ன பாஷை என்றில்லை. தாய்லாந்துப் பேய், கொரியாப் பேய், தமிழ் பேசவைத்த தெலுங்குப் பேய், கறுப்பு வெள்ளைக் காலத்து வெள்ளைக்காரப் பேய், எதுவானாலும் பார்ப்பாள். கிழமை முழுக்க நோயாளிகளின் முகத்தைப் பார்த்து மருந்து எடுத்துக் கொடுக்கிறவளுக்கு, படம் முடிந்ததும் தானும் முடிந்துவிடுகிற அந்தப் பயம் பிடித்திருந்தது.

"வேற படமே கிடைக்கல்லையா புள்ள உனக்கு?" என்று மாமியார் கேட்பார். அவருக்குச் சீனி வருத்தம் முற்றிக் கிட்னியைப் பிடித்திருந்தது. எழுந்து நடக்க ஆள் துணை வேண்டும்.

ஒரு ஞாயிறு மத்தியானம் சீனித்தம்பி வயல் பார்க்க வட்டைக்குப் போயிருந்தார். கலாஜினி படம் பார்த்து முடித்து ஹெட்செட்டைக் கழற்றியபோது குசினியில் ஏதோ பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. ஓடிப் போய்ப் பார்த்தாள். மாமியார் தரையில் விழுந்து கிடந்தார். சீலை நனைந்திருந்தது. பக்கத்தில் செம்பு கவிழ்ந்து கிடந்தது.

"எத்தின தரம் கூப்பிட்டன் புள்ள" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

கலாஜினி அவரைத் தூக்கி இருத்தித் தண்ணீர் பருக்கினாள். சீலை மாற்றிவிட்டாள். அடிகிடி படவில்லை. அந்தக் கிழமையே மாமியாருக்குக் காய்ச்சல் கண்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், உயிரோடு திரும்பி வரவில்லை. கிட்னி முழுதாகப் பழுதாகிவிட்டது, விழுந்ததற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று டொக்டர் சொன்னார். டொக்டர்மார் எழுதும் மருந்துத் துண்டுகளைப் பார்த்துப் பழகிய கலாஜினிக்கும் அது தெரியும். தெரிந்தும் என்ன? செத்த வீட்டில் பெண்களெல்லாம் கட்டிப்பிடித்து அழுதபோது அவளுக்கு மட்டும் கண்ணீர் வரவில்லை.

கடையில் நீண்ட லீவு கொடுத்தார்கள். கூட வேலை செய்யும் பட்ரிசியா, "நான் பாத்துக்கொள்ளுறன், நீ ஆறுதலா வாகா" என்றாள். பட்ரிசியா பறங்கிப் பெண். வயது ஐம்பதைத் தாண்டியவள். கால் வீக்கத்தோடு நின்று வேலை செய்பவள்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்ததும் ஆட்களின் வரவு குறைந்தது. துக்க வீடென்று டீவிக்கு மேல் வெள்ளைத் துணி போட்டிருந்தது. சீனித்தம்பி முற்றத்து வேம்பின் கீழ்க் கதிரையில் இருந்தபடியே இருந்தார். சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்துவிடுவார். இனி ஒரு நாளும் பேய்ப்படம் பார்ப்பதில்லை என்று கலாஜினி நினைத்திருந்தாள். ஆனால் ஒரு பின்னேரம் கை தானாகப் போனை எடுத்தது.

அவள் தேடித் தேடிப் பார்த்ததெல்லாம் செத்தவர்கள் பழி தீர்க்க வருகிற படங்கள். கவனிக்காமல் விட்ட மகளைத் தேடி வருகிற தாய், மருமகளின் கட்டிலடியில் ஒளிந்திருக்கிற கிழவி. எனக்கும் இதுதான் வேண்டும் என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள். படம் முடிந்ததும் அறையைச் சுற்றிப் பார்ப்பாள். ஒருவரும் வருவதில்லை. வெளியே ஆடுதான் கத்தும்.

அப்படிப் பார்த்த ஒரு படத்தில் பேயின் பொய்முடி கதவுச் சட்டத்தில் மாட்டிக்கொண்டது. பேய் இழுக்கிறது, முடி வரமாட்டேன் என்கிறது. கலாஜினி வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். சிரித்த பிறகுதான் எந்த வீட்டில் இருக்கிறோம் என்ற நினைவு வந்தது. நிமிர்ந்தால் வாசலில் சீனித்தம்பி.

"என்ன புள்ள, சிரிச்ச சத்தம் கேட்டிச்சு?"

"படம் மாமா... பேய்ப்படம்." பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் நல்லது போல இருந்தது.

அவர் உள்ளே வந்து கட்டில் ஓரத்தில் இருந்தார். "அந்த வயரக் கழட்டு. எனக்கும் கேக்கட்டும்."

அன்றிலிருந்து பின்னேரங்களில் இரண்டு பேருமாகப் பார்த்தார்கள். சீனித்தம்பிக்குப் பயமே இல்லை. "இவன் ஏன் லைட்டப் போடுறானில்ல?" என்று கேட்பார். பார்த்து முடிந்ததும் பிளேன்டீ கேட்டு வாங்கிக் குடித்தார். ஒருநாள் சோறும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். கட்டாரிலிருந்து கிரிசாந்த் போன் எடுத்து, "அப்பா என்ன செய்றார்?" என்று கேட்டபோது, "பரவாயில்ல, ஆறுதலா இருக்கிறார்" என்றாள் கலாஜினி. எதனால் ஆறுதல் என்று சொல்ல நா எழவில்லை. தாயின் முகத்தைக்கூடக் கடைசியாகப் பார்க்கக் கிடைக்காதவனிடம் அதை எப்படிச் சொல்வது?

ஒரு படத்தில் ஆற்றில் மாண்ட மனைவி மழையில் நனைந்தபடி வீட்டு வாசலில் வந்து நின்றாள். கணவன் அலறிக்கொண்டு பின்வாசலால் ஓடினான்.

"வந்தவள விட்டுட்டு ஏன் ஓடுறான்?" என்றார் சீனித்தம்பி.

கலாஜினி திரும்பி அவரைப் பார்த்தாள்.

"அவ அப்பிடி வந்தாவெண்டா நான் ஓடமாட்டன் மகள். உள்ளுக்க வா, தலையத் துடையெண்டு சொல்லுவன்."

அதற்குமேல் அவளுக்குப் படத்தில் மனம் ஓடவில்லை. தான் பேயை எதிர்பார்த்தது தண்டனைக்கு. இந்த மனிதர் எதிர்பார்ப்பது வேறு. இரண்டுக்கும் ஒரே போனைப் பிடித்துக்கொண்டிருக்கிறோமே என்று கூசியது.

அந்த நேரம் பார்த்து ஒரு ஓட்டோ வந்து நின்றது. படத்தில் யாரோ வீரிட்டார்கள். மறுகணம் பட்ரிசியா செருப்போடேயே அறைக்குள் ஓடிவந்தாள். கையில் கேக் பெட்டி. "என்னகா, ஆருக்கு என்ன?" என்றவள் போனைக் கண்டாள். இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நான் நினைச்சன் நீ அழுதுகொண்டிருக்கிறாயெண்டு" என்றாள். ஏசவில்லை. கேக்கை மேசையில் வைத்துவிட்டு, வீங்கிய காலை இழுத்து இழுத்து வெளியே நடந்தாள்.

கலாஜினி படலைவரை பின்னால் போனாள். அங்கே நின்று எல்லாவற்றையும் கொட்டினாள்: ஞாயிறு, ஹெட்செட், குசினித் தரை. பட்ரிசியா கேட்டு முடித்து அவளுடைய கையைப் பிடித்தாள். "இத எனக்குச் சொல்லி என்னகா? உள்ளுக்க இருக்கிற ஆளுக்குச் சொல்லு."

சொன்னாள். சீனித்தம்பி நிலத்தைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"கூப்பிட்டது கேக்கல்லையா?"

"இல்ல மாமா."

"விழுந்ததுக்கு மறுகா தண்ணி குடிச்சவவா?"

"ஓம். நான்தான் பருக்கினன்."

தலையை ஆட்டினார். எழுந்து போய் ஆட்டை அவிழ்த்துக்கொண்டு குளத்துப் பக்கம் நடந்தார். பொழுதுபட்டும் அவர் வரக் காணவில்லை. அன்றைக்குத்தான் கலாஜினிக்கு அழுகை வந்தது. குசினியில் இருந்து, அடக்க முடியாமல் அழுதாள். பிந்தி வந்த சீனித்தம்பிக்கு அது கேட்டிருக்கும். சோற்றைப் போட்டுத் தானே எடுத்துச் சாப்பிட்டார்.

மிச்ச லீவை விட்டுவிட்டு அடுத்த நாளே அவள் வேலைக்குப் போனாள். பட்ரிசியாவை ஸ்டூலில் இருத்திவிட்டு நாள் முழுக்கத் தான் நின்றாள். அன்றைய பேச்சைப் பட்ரிசியா பிறகு எடுக்கவேயில்லை.

சீனித்தம்பி சில நாள் அவளோடு தேவைக்கு மட்டும் பேசினார். பிறகு வட்டைக்குப் போய்வரத் தொடங்கினார். முப்பத்தோராம் நாள் சடங்கும் முடிந்து ஒரு ஞாயிறு, சமையல் முடித்து அவள் சும்மா இருந்தபோது வந்து பக்கத்துக் கதிரையில் இருந்தார்.

"இண்டைக்குப் படம் ஒண்டும் இல்லையா புள்ள?"

அவள் போனை எடுத்து வந்து நடுவில் வைத்தாள். பாதியிலேயே அவர் தூங்கிப்போனார். அவர் மன்னித்துவிட்டாரா என்று அவளுக்குத் தெரியாது. கேட்கவும் துணிவு வரவில்லை. சொன்ன அன்றைக்கே அவர் முகத்துக்கு நேரே ஏசியிருந்தால் நல்லாக இருந்திருக்கும் என்று மட்டும் இன்னும் நினைத்துக்கொள்கிறாள்.