டார்ச்சர் என்று அடிக்க மூன்று கேள்விகள்

கடைசி ஞாயிற்றுக்கிழமை அம்மா, கணினியில் அடித்திருந்த மனுவை வாய்விட்டுப் படித்தாள். லிஃப்ட் பழுதுபார்க்கும் மகன் அதைக் கைப்பிரதியோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தான்.

அம்மா நீதிமன்ற வாசலில் ஆங்கில மனு அடித்துக் கொடுப்பவள். இருபத்தாறு வருடம். வருகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே வினைச்சொல்தான் வேண்டும்: டார்ச்சர். மேலாளர் லீவு தரவில்லை, டார்ச்சர். மேசையை ஜன்னலோரத்திலிருந்து நகர்த்திவிட்டார்கள், டார்ச்சர். ஒருவர் பக்கத்து வீட்டு நாய்மேலேயே மனு கொடுக்க வந்தார்.

"நாள் பூரா டார்ச்சர் பண்ணுதும்மா."

"அது குரைக்குதுய்யா. வேற என்ன பண்ணும், பாடுமா?"

அந்தச் சொல்லை அடிப்பதற்கு முன் அம்மா மூன்று கேள்வி கேட்பாள். செய்தவருக்கு உங்கள்மேல் அதிகாரம் இருந்ததா? வலிக்கட்டும் என்றே செய்தாரா? எழுந்து போக வழியில்லாமல் இருந்ததா? தேறாதவர்களுக்குத் தொந்தரவு என்ற சொல்தான் கிடைக்கும். அவர்கள் கோபித்துக்கொண்டு பக்கத்து மேசைக்குப் போவார்கள். அங்கே டார்ச்சர் தாராளமாகக் கிடைக்கும், பத்திக்கு இரண்டு.

ஞாயிற்றுக்கிழமை மனு, சலவைக்கூடத்தில் துணி தேய்க்கும் பெண்ணுடையது. ஒரு சட்டை கருகிவிட்டதாம். மேற்பார்வையாளர் கதவைப் பூட்டிவிட்டு, அவள் உள்ளங்கையைச் சூடான இஸ்திரிப்பெட்டியில் வைத்து அழுத்தியிருக்கிறார். மூன்று கேள்வியிலும் தேறியது. கைப்பிரதியில் இருந்ததோ, 'கொஞ்சம் கடுமையாக நடந்துகொண்டார்.'

"கொஞ்சமா?" என்றான் மகன்.

"அவ அப்படித்தான் சொன்னா. வேலை போயிடும்னு பயம்."

"நீயே மாத்தி அடிச்சிடும்மா."

"வெந்தது உன் கையா? அவகிட்ட நேர்ல போய் டார்ச்சருக்கு அர்த்தம் சொல்றேன். சரின்னா அடிக்கிறேன். மனு கொடுக்க வியாழக்கிழமை வரைக்கும் டைம் இருக்கு."

அம்மாவுக்குத்தான் இருக்கவில்லை. செவ்வாய்க்கிழமை மேசையிலேயே சாய்ந்தாள். இதயம்.

துக்கம் கேட்க வந்த பக்கத்து மேசைக்காரர், "ஒத்த வார்த்தைக்காக எங்களை எவ்வளவு டார்ச்சர் பண்ணுவாங்க தெரியுமா தம்பி!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். மகன் மூன்று கேள்வியையும் மனதுக்குள் போட்டுப் பார்த்தான். தேறவில்லை.

புதன்கிழமை மாலை அம்மாவின் பையைத் திறந்தான். வினைச்சொல்லுக்கு இடம் விட்டு அச்செடுத்த மனு உள்ளே இருந்தது. அந்தப் பெண் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. ஓரத்தில் பென்சிலில் அவள் விலாசம். கீழே, 'ஆறு மணிக்கு மேல் போக வேண்டும். மெதுவாகச் சொல்ல வேண்டும்.'