வாயோடு நின்றுபோன ‘ங்க’

கன்னத்துப் புற்றையும் கழுத்தில் பரவிய கட்டியையும் அறுத்து, கதிர்வீச்சுக் கரண்ட் வைத்து முடித்து வருடங்கள் ஆகிவிட்டன. "நல்லாயிடுச்சுல்ல?" என்று பனியன் கம்பெனியில் என்னோடு செக்கிங் பார்ப்பவர்கள் கேட்பார்கள். ஆகிவிட்டதுதான். எச்சில் மட்டும் ஊறுவதில்லை. வாய் இரண்டு விரல் அகலத்துக்கு மேல் திறப்பதில்லை. சோற்றை ரசத்தில் கரைத்து, ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மடக்குத் தண்ணீர் விட்டுத்தான் இறக்குகிறேன். அதைக்கூடச் சமாளித்துக்கொள்ளலாம். பேச்சுதான் பெரிய கவலை. வாய் காய்ந்தால் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும், சொல்லின் வால் உள்ளேயே நின்றுவிடும். எங்கள் பக்கத்தில் மரியாதையே அந்த வாலில்தான் இருக்கிறது. ‘வாங்க’ என்று ஆரம்பித்தால் வெளியே வருவது ‘வா’.

மகளைப் பெண் பார்க்கக் குண்டடத்திலிருந்து வருகிறார்கள் என்றதும் எனக்கு இதே யோசனைதான். நோயைப் பற்றி இப்போதைக்குச் சொல்ல வேண்டாம் என்றார் வீட்டுக்காரர். "பரம்பரையா வருமான்னு கேப்பாங்க. எதுக்கு?" மகளுக்கு அந்தப் பையனைப் பிடித்திருந்தது. என்னால் கெட்டுவிடக் கூடாதே என்று காலையிலிருந்து அடுப்படியில் "வாங்க, உக்காருங்க" என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தேன்.

"ஏனுங்கம்மா, அடுப்புக்கு எதுக்கு இத்தன மரியாத?" என்று மகள் சிரித்தாள்.

சொல்லிப் பார்த்ததிலேயே வாய் காய்ந்துவிட்டது. கார் சத்தம் கேட்டதும் தண்ணீர் பாட்டிலை ஃப்ரிட்ஜ் மேல் வைத்துவிட்டு ஓடினேன். பையனின் அம்மா முதலில் படியேறி வந்தார்.

"வா... உக்காரு" என்றேன்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. வீட்டுக்காரர் பின்னாலிருந்து "வாங்க, வாங்க" என்று அடுக்கியும் அவர் உட்காரவில்லை. காபி கொண்டுபோனபோது சொன்னார்: "என்னைய வா போன்னு கூப்புட்டது எங்க மாமியாரு மட்டுந்தானுங்க. அவங்களும் போய்ச் சேந்துட்டாங்க."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். மகள் தலையைக் குனிந்துகொண்டாள். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? பாட்டிலை எடுத்து வந்து அவர் எதிரிலேயே குடித்தேன்.

"கோவிச்சுக்காதீங்க. வாயில புத்து வந்து கரண்ட் வெச்சதுங்க. எச்சி ஊறாதுங்க. அதுதான் வார்த்த முழுசா வரமாட்டேங்குது."

வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். அந்த அம்மா என் கழுத்துத் தழும்பைப் பார்த்தார்.

"பொண்ணுக்கும் வருமுங்களா?"

"டாக்டரு அப்பிடியில்லீன்னு சொன்னாருங்க."

அந்த அம்மா காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று பிறகு போன் வந்தது. எனக்கு அடுத்த கவலை வந்துவிட்டது. கல்யாண மண்டபத்து வாசலில் பெண்ணின் அம்மா நின்று வருகிறவர்கள் ஒவ்வொருவரையும் ‘வாங்க’ சொல்ல வேண்டும். ஒருத்தரை விட்டாலும் ஜென்மத்துக்கும் சொல்லிக் காட்டுவார்கள். பையனின் அம்மாவிடமே போனில் சொன்னேன்.

"நீங்க சும்மா கையக் கூப்பி நில்லுங்க. வாயி வலிக்க ‘வாங்க’ சொல்றதுக்கு எங்கூட்டாளுக இருக்கறாங்க. அவிய பேச்ச நிறுத்தறதுதான் பாடு" என்றார்.

கழுத்தில் ஆபரேஷன் செய்ததில் வலது தோளும் சரியாகத் தூக்க வராது. கை நெஞ்சு வரைக்கும்தான் ஏறும். கண்ணாடி முன்னால் கும்பிட்டுப் பார்த்தேன். வரிசையாக ஆள் வந்துகொண்டே இருந்தால் எவ்வளவு நேரம் தாங்கும் என்றுதான் இப்போது யோசனை.