ஒன்பது கால் நண்டு

போன ஞாயிற்றுக்கிழமை காலை பெசன்ட் நகர் கடற்கரையில் ஒரு பிள்ளைக் கூட்டத்தைப் பார்த்தேன். எல்லோர் தலையிலும் ஒரே பச்சைத் தொப்பி, கழுத்தில் அட்டை. நடுவில் தாடி வைத்த இளைஞர் ஒருவர், கையில் ஒலிபெருக்கியுடன், அவர்களை இயற்கையோடு இணைத்துக்கொண்டிருந்தார். இணைப்பது என்பது அவருடைய சொல். நானாக இருந்தால் அவ்வளவு துணிந்திருக்க மாட்டேன். கடல் பிள்ளைகளின் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அவர்கள் ஆளுக்கொரு வழவழப்பான படத்தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். படத்தில் ஒரு நண்டு.

காற்று அடையாற்று முகத்துவாரப் பக்கமிருந்து வீசியது. சேறும் உப்பும் அழுகிய பாசியும் கலந்த அந்த வாடை மூக்கில் ஏறியதும் எனக்கு ஒரு பிஸ்கட் டப்பா ஞாபகம் வந்தது. அதைத் திறப்பதற்கு முன் என் முதல் உத்தியோகத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

யுத்த காலம். மயிலாப்பூரில் நான் படித்தது ஆசிரியப் பயிற்சிப் பள்ளியை ஒட்டிய மாதிரிப் பள்ளி. வாத்தியாராகப் போகிறவர்கள் எங்களை வைத்துப் பழகிக்கொள்வார்கள். இயற்கைப் பாடம் என்றால் அவர்களுக்கு உயிர். தவளையை மட்டும் ஒரே வருஷத்தில் நாலைந்து பேரிடம் படித்தேன். தவளைக்குத்தான் அலுத்திருக்காது, அது படத்தில் இருந்தது.

இந்தப் பாடங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரு பையன் தப்பாகப் பதில் சொல்ல வேண்டும். ஆசிரியர் பொறுமையாகத் திருத்த வேண்டும். இன்னொரு பையன் சரியாகச் சொல்ல வேண்டும். பின்பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அதிகாரி இதற்கு மதிப்பெண் போடுவார். இவ்வளவு முக்கியமான விஷயத்தைத் தற்செயலுக்கு விட முடியுமா? முந்தின நாளே ஆள் அமர்த்திவிடுவார்கள். சரியான விடைக்கு ராயப்பேட்டை தையற்காரர் மகன் கரீம். தப்பு விடைக்கு நான். அவனுக்கு ஒரு கமர்கட் மிட்டாய், எனக்கு இரண்டு. தப்பாகச் சொல்வதில் அவமானமும் சேர்ந்திருக்கிறதல்லவா? பின்னாளில் பத்திரிகையில் சேர்ந்து, மந்திரிகளிடம் ஒன்றும் தெரியாதவன்போல் கேள்வி கேட்டுச் சம்பளம் வாங்கினேன். அடித்தளம் இங்கே போட்டது.

ஒரு தடவை காக்கைப் பாடம். சுவரில் பெரிய காக்கைப் படம். ஜன்னலில் ஒரு நிஜக் காக்கை வந்து உட்கார்ந்து, தலையைச் சாய்த்துப் படத்தைப் பார்த்தது. கவனம் சிதறுகிறதென்று பயிற்சி ஆசிரியர் அதைப் பிரம்பால் விரட்டி, ஜன்னலைச் சாத்திவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தார். அவர் நல்ல மதிப்பெண்ணில் தேறினார்.

அருளப்பன் சார் அந்த மாதிரி இல்லை என்றுதான் நினைத்திருந்தோம். சாந்தோம்காரர். மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் தற்காலிக வேலை, பயிற்சியில் தேறினால்தான் நிலைக்கும். இரண்டு முறை தவறியிருந்தார். இரண்டாம் முறை அவர் கொண்டுவந்த கோழி மேஜையிலிருந்து குதித்து ஓடியதில், உயிருள்ள மாதிரியைக் கட்டுப்படுத்தத் தெரியவில்லை என்று எழுதிவிட்டார்கள். மூன்றாவது முறைக்கு நண்டு. ஓடினாலும் பக்கவாட்டில்தான் ஓடும் என்று எண்ணியிருக்கலாம்.

பரீட்சையன்று அவர் நண்டு கொண்டுவந்த பிஸ்கட் டப்பாவைத் திறந்ததும் முகத்துவாரத்து வாடை வராந்தா முழுக்கப் பரவியது. தலைமையாசிரியர் மேல்துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார். "இதையெல்லாம் உள்ள கொண்டு வரப்படாதுங்காணும்" என்றவர் சற்று யோசித்தார். "உசிரோட இருக்கோன்னோ? அப்படின்னா பாடம். செத்துப்போச்சுன்னா மீன்கடைச் சமாசாரம், வெளியில கொண்டுபோயிடணும்."

முந்தின நாள் அருளப்பன் சார் என்னைத் தனியே அழைத்துச் சொல்லியிருந்தார். "நண்டுக்கு எத்தினி காலுன்னு கேப்பேன். நீ எட்டுன்னு சொல்லு. கொடுக்கையும் சேத்து எண்ணச் சொல்வேன், கரீம் பத்துன்னுவான். சொதப்பிடாத தம்பி. இந்த தபாவும் போச்சுன்னா ஃபாதர் வேற ஆளப் பாத்துடுவாரு."

மணியடித்ததும் கோட்டும் தலைப்பாகையுமாக அதிகாரி வந்தார். உற்று நோக்குதலைப் பற்றி ஆசிரியர்களுக்கு ஒரு கைநூல் எழுதியவர். கடைசிவரை பின்பெஞ்சை விட்டு எழுந்து வந்து நண்டைப் பார்க்கவில்லை.

அருளப்பன் சார் நண்டின் முதுகைப் பிடித்துத் தூக்கி, வரிசை வரிசையாகக் காட்டிக்கொண்டு வந்தார். என் முகத்துக்கு நேரே அது கால்களை ஆட்டியது. இடது பக்கம் ஒரு கால் இல்லை. அது இருந்த இடத்தில் முளைவிட்ட பயறுபோல் சின்னதாக ஒன்று சுருண்டிருந்தது. கேள்வி வந்தது. கொடுக்கையும் சேர்த்து எண்ணிவிட்டு, என்னையறியாமல் சொன்னேன்:

"ஒம்போது சார்."

வகுப்பு சிரித்தது. பின்பெஞ்சில் அதிகாரி திருப்தியாகத் தலையசைத்தார். தப்பு விடை வரவேண்டிய இடத்தில் வந்துவிட்டது.

அருளப்பன் சார் குனிந்து நண்டைப் பார்த்தார். அவர் உதடுகள் எண்ணுவது எனக்குத் தெரிந்தது. நிமிர்ந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். வகுப்பு முழுக்க அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது, நண்டை யாரும் பார்க்கவில்லை.

"ம்... கரெக்ட் பண்ணுங்கோ, மிஸ்டர்" என்று அதிகாரி பென்சிலால் தட்டினார்.

"தப்பு. உக்காரு. கரீம், நீ சொல்லு."

கரீம் பத்து என்றான். வகுப்பே பத்து என்றது. கரும்பலகையில் பத்து ஏறியது. ஒன்பது கால் நண்டு டப்பாவுக்குத் திரும்பியது.

வெளியே வந்ததும் கரீம் பிடித்துக்கொண்டான். "கமர்கட்டு வாங்கிக்கினு வேலைய ஒழுங்கா செய்ய மாட்டியாடா? எட்டுன்னுதானே பேச்சு?"

அருளப்பன் சார் எனக்குப் பேசியபடி இரண்டு கமர்கட் கொடுத்தார். நான் பார்த்தது சரிதான் என்று தாழ்ந்த குரலில் சொன்னார். அந்த முளை என்ன என்று கேட்டேன்.

"கால் திரும்ப வளருது. ஓட்ட உரிச்சிப் போடும். ரெண்டு மூணு தபா உரிச்சா முழுக் காலும் வந்துடும். எங்க பக்கம் எல்லாருக்கும் தெரியும்."

"ஏன் சார் கிளாஸ்ல சொல்லல?"

"அது பாடத்துல இல்ல" என்றார்.

அவர் தேறினார். இனி குறையுள்ள மாதிரிகளைத் தவிர்க்க வேண்டும் என்று மட்டும் அதிகாரி எழுதியிருந்தாராம். அடுத்த மாதம் பள்ளியின் கண்ணாடி அலமாரியில் காய்ந்த நண்டு ஒன்று வந்து உட்கார்ந்தது. அருளப்பன் சாரின் நன்றிக் காணிக்கை. கிட்டே போய்ப் பார்த்தேன். அதே நண்டு. முளை இருந்த இடத்தில் வேறொரு நண்டின் காலை அரக்கு வைத்து ஒட்டியிருந்தார்கள். கால் சற்றுப் பின்பக்கமாகத் திரும்பியிருந்தது. பிறகு வந்தவர்களெல்லாம் அதைக் காட்டித்தான் உற்று நோக்குதலைக் கற்பித்தார்கள். நானும் ஒழுங்காக எட்டு என்றே சொல்லிவந்தேன்.

அந்தப் பள்ளி இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி வீடுகள். அலமாரி எந்தப் பழைய சாமான் கடைக்குப் போனதோ. அருளப்பன் சார் கோயில் பள்ளியிலேயே வெகுகாலம் இயற்கைப் பாடம் எடுத்தார் என்று கேள்வி. எத்தனை பிள்ளைகளிடம் அந்த முளையைப் பற்றிச் சொன்னாரோ, தெரியாது. நான் இவற்றையெல்லாம் நினைத்துக்கொண்டு நின்றதைத் தாடிக்கார இளைஞர் ஆர்வம் என்று எடுத்துக்கொண்டுவிட்டார். ஒலிபெருக்கி என் பக்கம் திரும்பியது.

"தாத்தா, நீங்க சொல்லுங்க பாப்போம். நண்டுக்கு எத்தன கால்?"

"ஒம்போது" என்றேன்.

பச்சைத் தொப்பிகள் சிரித்தன. இளைஞர் முகத்தில் அந்தப் பழைய திருப்தி. "தாத்தா தப்பா சொல்லிட்டாரு. கரெக்ட் ஆன்சர் யாரு சொல்வீங்க?"

"டென்!"

இந்த முறை கமர்கட் இல்லை. ஒன்றைப் பிடித்து எண்ணிக் காட்டலாம் என்று மணலைப் பார்த்தேன். அலை ஓரம்வரை செருப்புத் தடங்கள். ஒரு நண்டு வளைகூடக் கண்ணில் படவில்லை.